குறட்டை

அன்று சித்தப்பாவின் குறட்டை எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் கேட்டது. 2020 ஜூன் கடைசி. இ-பாஸ் வாங்கிக்கொண்டு சென்னையிலிருந்து ஊருக்கு வந்து, பதினான்கு நாள் தனிமையும் முடித்து, காளப்பநாயக்கன்பட்டியில் அப்பா வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்த்த காலம். சித்தப்பா வீடு இரண்டு வீடு தள்ளி. காலை ஏழு மணி இருக்கும். கொல்லிமலை உச்சியில் மேகம் கவிந்திருந்தது. சாதாரணக் குறட்டையாக இருந்தால் நான் கவனித்திருக்க மாட்டேன். ஒரு இழுப்பு, தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பது மாதிரி ஒரு சத்தம், அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடியும் ஒரு இழுப்பு.

"என்ன சித்தி, மனுசன் இந்தப் போடு போடறாரு?" என்று கேட்டுக்கொண்டே போனேன். சித்தி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மாசமா பொட்டுத் தூக்கமில்ல கண்ணு. நேத்து ராத்திரிதான் அசந்து தூங்கறாரு. எழுப்பீராத."

நான் எழுப்பவில்லை. திரும்பி வந்து காபி குடித்தேன். அந்த அரை மணி நேரத்தை இன்றைக்கு நினைத்தாலும் கை குளிர்ந்துபோகும்.

அபின் வகை மருந்துகள் மனிதனைக் கொல்வது இப்படித்தான். பெரும்பாலும் வலிப்பு, அலறல் எதுவும் இருப்பதில்லை. மூளையின் அடிப்பகுதியில் மூச்சுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. ரத்தத்தில் கரியமிலவாயு ஏறினால் 'இழு' என்று நெஞ்சுக்குக் கட்டளை இடுவது அதுதான். அபின் அந்த இடத்தைத் தூங்கவைத்துவிடும். நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு எட்டாகும், ஐந்தாகும். தொண்டைத் தசை தளர்ந்து குறட்டை வரும். வீட்டிலிருப்பவர்கள் 'நல்ல தூக்கம்' என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். இப்படிச் செத்தவர்களின் வீட்டாரைக் கேட்டால் பலர் அந்தக் குறட்டையைத்தான் சொல்கிறார்கள்.

சித்தப்பா லாரி ஓட்டுநர். எங்கள் பக்கத்தில் இதைத் தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை. நாமக்கல்லைச் சுற்றி இருக்கிற ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் ஓட்டுநர், இல்லையென்றால் பாடி கட்டும் பட்டறையில் இருப்பார், அதுவும் இல்லையென்றால் கோழிப்பண்ணை. அவர் இருபது வருடமாக வடக்கு லைன். போகும்போது கிடைத்த லோடு, வரும்போது ராஜஸ்தானிலிருந்து மார்பிள். நாலு நாள், ஐந்து நாள் ஓட்டம். அந்த லைனில் தாபாக்களில் 'டோடா' கிடைக்கும். அபின் எடுத்தபின் மிஞ்சும் கசகசாச் செடியின் காய்ந்த காய்த்தோல். பொடித்துத் தேநீரில் போட்டுக் குடிப்பார்கள். தூக்கம் தள்ளிப்போகும், முதுகுவலி தெரியாது, பசிக்காது. வயிறும் கட்டிக்கொள்வதால் வண்டியை நிறுத்தி இறங்கும் தொல்லையும் குறைவு. சரக்கு முதலாளிகள் கொடுக்கும் கெடுவுக்கு இதைவிடத் தோதான பொருள் கிடையாது. டோடாவில் தொடங்கி, கொஞ்ச வருடத்தில் அபினே உருண்டையாக வரும். சித்தப்பாவின் கணக்கு சுண்டைக்காய் அளவு, நாளைக்கு இரண்டு வேளை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்திருந்தவள் சித்தி ஒருத்திதான்.

மார்ச் 25 அன்று நாடு மூடப்பட்டபோது அவர் கிஷன்கர் பக்கம் ஒரு தாபாவில் மாட்டிக்கொண்டார். ஏப்ரல் நடுவில் எப்படியோ வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். வந்த மூன்றாம் நாள் மூக்கு ஒழுகியது. உடம்பு முறித்துப்போட்ட மாதிரி வலி, குளிர், வயிற்றுப்போக்கு. யாருக்குச் சந்தேகம் வரும்? வடக்கேயிருந்து வந்த ஆள், காய்ச்சல். சுகாதாரத் துறையிலிருந்து வந்து கதவில் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். தெருவே அந்தப் பக்கம் நடக்கவில்லை. மூக்கில் குச்சிவிட்டு எடுத்த பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தார். "கொரோனாவே என்னைய ஒண்ணும் பண்ண முடியல" என்று பெருமை வேறு. அது கொரோனா இல்லை. கையிலிருந்த சரக்கு தீர்ந்து, இருபது வருடத்து அபின் உடம்பை விட்டு இறங்கிய காய்ச்சல். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

பிறகு இரண்டு மாதம் சுத்தம். தூக்கம் மட்டும் வரவில்லை. ஜூன் கடைசியில் வண்டி முதலாளி கூப்பிட்டார், லைன் திறந்துவிட்டது என்று. நாமக்கல் போனவர் வடக்கிலிருந்து வந்திருந்த பழைய கூட்டாளி ஒருவரிடம் உருண்டை வாங்கினார். டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டர். பழைய அளவைத்தான் போட்டுக்கொண்டார், ஒரு கடுகுகூடக் கூடுதல் இல்லை. அங்கேதான் தப்பு. அபினுக்குப் பழகிய உடம்பு, மற்றவனைக் கொல்லும் அளவைத் தாங்கும். இரண்டு வாரம் நிறுத்தினாலே அந்தத் தாங்கும் சக்தி கரைந்துபோகும். ஆனால் கைக்குப் பழைய அளவு மறப்பதில்லை. சிறையிலிருந்து வெளியே வந்தவர்களும், போதை மறுவாழ்வு மையத்திலிருந்து 'சரியாகி' வீடு திரும்பியவர்களும் முதல் சில வாரங்களில் சாவது இதனால்தான். 2020-இல் உலகம் முழுக்க மூடித் திறந்தது. மூடிய நாட்களைவிடத் திறந்த நாட்கள்தான் ஆபத்தாக இருந்தன.

அந்த நாளுக்குத் திரும்புமுன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு வருடம் இதைத் தேடித் தேடிப் படித்தேன். அபினும் கொள்ளைநோயும் நம் ஊரில் சந்தித்துக்கொண்டது அதுவே முதல் தடவை இல்லை.

*

அபின் நமக்கு அந்நியப் பொருள் என்று நினைத்துக்கொள்கிறோம். குருமாவுக்கு அரைக்கிற கசகசா அதே செடியின் விதைதான். விதையில் போதை இல்லை, காயைக் கீறினால் வடியும் பாலில்தான் இருக்கிறது. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பெட்டியில் அம்மா கட்டிக்கொடுத்த கசகசாப் பொட்டலத்தால் சிறைக்குப் போன கதைகள் உண்டு. தமிழ்நாட்டில் அபின் பயிர் கிடையாது. அது கங்கைச் சமவெளிப் பயிர், மாளவப் பயிர். ஆனால் மருந்தாக அபினி நம் வைத்தியத்தில் வெகுகாலமாக உண்டு, முக்கியமாகக் கழிச்சலுக்கு.

1817-இல் வங்காளத்திலிருந்து காலரா கிளம்பியது. அந்த நூற்றாண்டு முழுக்க அலை அலையாக வந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று, பஞ்சத்தின் பின்னாலேயே வாந்திபேதியும் வந்தது. அந்தக் காலத்தில் ஆங்கில வைத்தியத்துக்கும் நாட்டு வைத்தியத்துக்கும் காலரா விஷயத்தில் பெரிய சண்டை இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டும் அபினைத்தான் கொடுத்தன. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையின் மருத்துவர் ஜான் காலிஸ் பிரவுன் 'குளோரோடைன்' என்றொரு கலவையைச் செய்தார். அபின் கரைசல், கஞ்சா, குளோரோபார்ம் மூன்றும் சேர்ந்தது. காலராவுக்கென்று செய்த மருந்து பின்பு இருமலுக்கு, தூக்கமின்மைக்கு, தலைவலிக்கு என்று எல்லாவற்றுக்கும் ஆயிற்று. 1850-களிலிருந்து பாட்டிலில் அடைத்து விற்றார்கள். துரை வீட்டு அலமாரியிலும் இருந்தது, நம் ஊர்ப் பெரிய வீடுகளிலும் இருந்தது. அளவு தப்பிச் செத்தவர்களும், விடமுடியாமல் அடிமையானவர்களும் அன்றைக்கே உண்டு.

அது காலராவைக் குணப்படுத்தவில்லை. பேதியை நிறுத்தியது, அவ்வளவுதான். காலராவில் சாவது நீர் வற்றி, குடலை நிறுத்தினால் போன நீர் திரும்பாது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் போதும் என்பதை திலீப் மகலனாபிஸ் 1971-இல் வங்கதேச அகதி முகாமில் காட்டும்வரை ஒன்றரை நூற்றாண்டு ஓடிப்போனது.

காலராவுக்கு அடுத்தது மலேரியா. கொல்லிமலைக் காய்ச்சல் என்றால் கீழ்நாட்டான் பயப்படுவான். எங்கள் அப்பாரு காலத்தில் காரவள்ளிக்கு மேலே ராத்தங்க மாட்டார்களாம். அபின் தின்பவனுக்கு மலேரியா வராது என்று அந்நாளில் ஒரு நம்பிக்கை இருந்தது. 1893-இல் பிரிட்டிஷ் அரசு அபின் பற்றி ராயல் கமிஷன் ஒன்றை அமைத்தது. இங்கிலாந்தில் பாதிரிமார்கள் 'சீனர்களையும் இந்தியர்களையும் விஷம் வைக்கிறோம்' என்று கூச்சல் போட்டதன் விளைவு அது. எழுநூறுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1895-இல் அறிக்கை கொடுத்தது. அளவோடு தின்றால் கெடுதல் இல்லை, காய்ச்சல் பகுதிகளில் அது ஒரு காப்பு என்று சாட்சிகள் பலர் சொன்னதைக் கமிஷன் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. அபின் வருமானம் சர்க்காருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அறிக்கையில் அபின் தின்பவன் குற்றவாளியாக இல்லை. உரிமம் பெற்ற கடையில் அளவு பார்த்து வாங்கி, தன் வேலையைச் செய்கிற விவசாயியாக இருக்கிறான்.

அடுத்து மூடல்களின் காலம். எங்கள் ஜில்லாவுக்கு இதில் ஒரு தனிப் பெயர் உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்தான். நாமக்கல் அப்போது சேலத்தோடு இருந்தது. மது ஒரு பக்கம் போக, அபினுக்குத் தனிச் சட்டங்கள் இருந்தன. சுதந்திரத்துக்குப் பின் பத்து வருடத்தில் அபின் தின்பதை ஒழிப்பது என்று முடிவெடுத்தார்கள். 1959 ஏப்ரல் 1 முதல் மருத்துவத்துக்கு அல்லாத அபின் விற்பனை நின்றது. பதிவுசெய்துகொண்ட பழைய அபின்காரர்களுக்கு மட்டும் மருத்துவச் சீட்டின் பேரில் ரேஷன் மாதிரிக் கொடுத்தார்கள். நல்ல யோசனைதான். ஒரேயடியாக அறுக்கவில்லை, புதிதாக யாரையும் சேர்க்காமல் இருந்தவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாடு.

1985 நவம்பரில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபோது அந்த நிதானம் போய்விட்டது. கடுமையான தண்டனை, ஜாமீன் கஷ்டம். கடத்தல்காரன் மாட்டினானோ இல்லையோ, மருத்துவமனைகள் பயந்துவிட்டன. மார்பின் வாங்க, வைத்திருக்க ஒவ்வொரு மாநிலத்திலும் அத்தனை உரிமங்கள். 1997-இல் இந்தியா முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்பின் வெறும் 18 கிலோ. புற்றுநோயில் கதறியவர்களுக்கு வலிமருந்து கிடைக்கவில்லை. கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் மன்றாடி, 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இந்தக் கதையைத் தனியாக யாராவது தமிழில் விரிவாக எழுத வேண்டும். இங்கே நான் சொல்ல வருவது, கதவை அடைத்தபோது மருந்து வேண்டியவன் வெளியே நின்றான், போதை வேண்டியவன் ஜன்னல் வழியாகப் போனான் என்பது. அபின் போய் பிரவுன் சுகர் வந்தது. ராஜஸ்தானில் உரிமத்தோடு நடந்த டோடா கடைகளை 2016-க்குள் மூடியபோதும் இதே கதைதான். சித்தப்பா அபின் உருண்டைக்கு மாறியது அந்தச் சமயம்தான் என்று பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சென்னை இன்னொரு வழியில் போனது. எண்பதுகளில் பிரவுன் சுகர், தொண்ணூறுகளில் பியூப்ரனார்ஃபின் ஊசி. 1986-இல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றை டாக்டர் சுனிதி சாலமன் குழு கண்டுபிடித்ததும் சென்னையில்தான். ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்களிடையே தொற்று வேகமாகப் பரவியது. அப்போது எல்லோரும் எய்ட்ஸைப் பற்றித்தான் பேசினார்கள், பேசியதும் சரிதான். ஆனால் 2005 முதல் 2008 வரை சென்னையில் ஊசிப்பழக்கம் உள்ள 1158 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், செத்தவர்களின் காரணங்களில் முதலிடத்தில் இருந்தது எய்ட்ஸ் அல்ல, காசநோயும் அல்ல. அளவு மீறல். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு தொற்றை எல்லோரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதன் நிழலில் இன்னொரு சாவு நடக்கிறது, அது யார் கணக்கிலும் வருவதில்லை.

அந்தப் பியூப்ரனார்ஃபினே பிறகு மருந்தாயிற்று. ஊசியாக அல்ல, நாக்கடியில் கரையும் மாத்திரையாக. அபின் உட்காரும் அதே நாற்காலியில் இது உட்கார்ந்துகொள்ளும். ஏக்கம் அடங்கும். ஓர் அளவுக்கு மேல் மூச்சை அமுக்காது. 2007-08 வாக்கில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் இதைத் தன் திட்டத்தில் சேர்த்தது. நிபந்தனை ஒன்று இருந்தது. நோயாளி தினமும் மையத்துக்கு வந்து, ஊழியர் கண்முன்னால் நாக்கடியில் வைத்துக் கரைக்க வேண்டும். கையில் கொடுத்தால் விற்றுவிடுவான் என்ற பயம். தினக்கூலிக்குப் போகிறவன் தினமும் வரிசையில் நிற்பதெப்படி என்று யாரும் கேட்கவில்லை.

*

2020-இல் எந்த மையத்துக்கும் தினமும் போகமுடியாது என்று ஆனதும்தான் அந்த நிபந்தனை ஆட்டம் கண்டது. மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று நாட்டின் மையங்களுக்கு வழிகாட்டுதல் போனது. பஞ்சாப் அரசு, வீட்டுக்குக் கொடுக்கும் நாட்களை வாரக்கணக்கில் நீட்டியது. அமெரிக்காவில் மெத்தடோன் எடுப்பவர்களில் நிலையாக இருப்பவர்களுக்கு 28 நாள் மருந்தை ஒரேயடியாகக் கொடுக்கலாம் என்று மார்ச் 16-லேயே சொல்லிவிட்டார்கள். ஐம்பது வருடமாக 'முடியவே முடியாது' என்று சொன்ன காரியம். பயந்தது மாதிரி நடந்ததா? அங்கே அளவு மீறிச் செத்தவர்களில் மெத்தடோன் சம்பந்தப்பட்டவர்களின் விகிதம் 2019-இல் 4.5 சதவீதம், 2021-இல் 3.2 சதவீதம். கூடவில்லை, குறைந்தது. வேறு பக்கம் பார்த்தால், 2021 ஏப்ரலோடு முடிந்த பன்னிரண்டு மாதத்தில் அந்த நாட்டில் அளவு மீறிச் செத்தவர்கள் முதல்முறையாக ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். பெரும்பாலும் தெருவில் விற்ற ஃபென்டனில். கூடவே தனிமை. ஒருவரோடொருவர் சேராதே என்று அரசாங்கம் சொன்ன வருடத்தில், தனியாகப் போட்டுக்கொண்டவனை எழுப்ப ஆள் இல்லை.

நம்மூரில் இதே பாடம் சாராயத்தில் நடந்தது. மார்ச் 24 சாயங்காலம் டாஸ்மாக் மூடியது. ஏப்ரல் முதல் வாரத்தில் கோட்டைப்பட்டினத்தில் சவர லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்து மூன்று பேர், செங்கல்பட்டுப் பக்கம் வார்னிஷ் குடித்து மூன்று பேர். கேரளத்தில் குடி நின்றதால் தற்கொலைகள் நடந்தன. டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அந்த அரசு உத்தரவு போட, மருத்துவர்கள் எதிர்த்தார்கள், ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. மருத்துவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. குடி விட்டவனுக்கு வேண்டியது பிராந்தி அல்ல, நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரை. அந்த மாத்திரையை ஊர் ஊராகக் கொண்டுபோகத்தான் யாரும் உத்தரவு போடவில்லை. மே 7 இங்கே கடை திறந்தது, ஒரே நாளில் 170 கோடிக்கு மேல் விற்றது. மறுநாள் நீதிமன்றம் மூடச் சொன்னது, மே 16 மறுபடி திறந்தது. திறப்பு மூடல் எல்லாமே வருமானத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில் நடந்த வழக்கு. நடுவில் இருந்த உடம்பைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

*

காபி குடித்து முடிக்கும்போது குறட்டை நின்றிருந்தது. சித்தியின் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், உதடு நாவற்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. நகமும் அப்படியே. தட்டினேன், உலுக்கினேன், தண்ணீர் தெளித்தேன். மூச்சு எப்போதாவது ஒன்று. எதிர்வீட்டு நர்சம்மா, கிராமச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர், முகக்கவசத்தோடு வந்து நின்றார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். "ஏதோ மருந்து தின்னுட்டாரு. வாயில வாயி வெச்சு ஊதோணும். மூக்கப் புடிச்சுக்கிட்டு."

யார் ஊதுவது? அந்த வருடத்தில் ஒரு மனிதரின் வாயில் வாய்வைப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். நான் தயங்கினேன், அதை மறைத்து எழுத முடியாது. சித்தி தாவணி நாள் பெண்போல ஒரே தாவாகத் தாவி, முகக்கவசத்தைப் பிய்த்துப்போட்டுவிட்டு ஊதினாள். நாமக்கல் போகும்வரை ஆம்னி வண்டியின் பின்சீட்டில், நர்சம்மா எண்ணச் சொல்லிக்கொடுத்த கணக்கில், ஐந்து நொடிக்கு ஒன்றாக ஊதிக்கொண்டே வந்தாள். சேந்தமங்கலம் தாண்டும்போது எனக்கும் கொஞ்சம் ரோஷம் வந்து, அவள் ஓய்ந்தபோது நான் ஊதினேன்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் கொரோனா இல்லை என்ற சீட்டு கேட்டார்கள். இரண்டாவது இடத்தில் ஓர் இளம் டாக்டர் உள்ளே இழுத்துக்கொண்டார். கண்ணில் டார்ச் அடித்தார். பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"பூச்சிமருந்தா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் கேள்வி. பூச்சிமருந்து குடித்தாலும் பாப்பா சுருங்கும். அப்படி வருகிறவர்களைத்தான் அவர்கள் வாரம் ஒருவராவது பார்ப்பார்கள். ஆனால் அதில் வாயில் நுரை தள்ளும், உடம்பு வியர்த்து ஊற்றும், நாற்றம் அடிக்கும். சித்தப்பாவின் உடம்பு காய்ந்துகிடந்தது.

"என்ன சாப்பிட்டாருன்னு சொன்னாத்தான்மா நான் செய்ய முடியும்."

சித்தி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். இருபது வருடம் மாமியாரிடம், பிள்ளைகளிடம், எங்களிடம் மறைத்தது. சொன்னால் போலீஸ், வண்டி லைசென்ஸ், மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீடு. அந்த நிற்றல் ஒரு நிமிடம்கூட இருக்காது. எனக்கு அது கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிய நேரம்.

"அபினுங்க" என்றாள். "எழுதிப்புடாதீங்க சார்."

"முதல்ல மூச்சு வரட்டும்மா."

ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. நலாக்ஸோன். 1961-இல் நியூயார்க்கில் ஜாக் ஃபிஷ்மன், மோசஸ் லெவன்ஸ்டைன் என்ற இருவர் உருவாக்கியது. அபின் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும், வேறு எதுவும் செய்யாது. போதை கிடையாது, அடிமையாக்காது, அபின் தின்னாதவனுக்குப் போட்டால் ஒன்றும் ஆகாது. 1996-இல் சிகாகோவில் டான் பிக் என்பவர் இதைப் போதைக்காரர்கள் கையிலேயே கொடுத்துப் பழக்கத் தொடங்கினார். பக்கத்தில் இருப்பவன்தான் காப்பாற்ற முடியும் என்ற எளிய கணக்கு. மணிப்பூரிலும் நாகாலாந்திலும் தொண்டு நிறுவனங்கள் 2000-களிலேயே இதைக் கையாண்டிருக்கின்றன. 2014-இல் உலக சுகாதார நிறுவனமும் குடும்பத்தார், நண்பர்கள் கையில் கொடுங்கள் என்றது. ஃபிஷ்மனின் வளர்ப்பு மகன் 2003-இல் ஹெராயின் அளவு மீறி இறந்தான். அவர் கண்டுபிடித்த மருந்து அவர் வீட்டில் இல்லை. 2023-இல் அமெரிக்காவில் அதைச் சீட்டில்லாமல் கடையில் விற்க அனுமதித்தார்கள்.

ஊசி இறங்கி இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். சித்தப்பா தண்ணீருக்கடியிலிருந்து வெளியே வருகிறவர்போல இழுத்தார். கண்ணைத் திறந்து எங்களையெல்லாம் பார்த்து, "எதுக்குடி இத்தனை பேரு?" என்றார். கோபம் வேறு. சித்தி அழுதுகொண்டே சிரித்தாள். வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று நான் கேட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஊசி ஒரு மணி நேரம்கூட நிக்காதுங்க. வயித்துல இருக்கற அபின் அதைத் தாண்டி நிக்கும். உக்காருங்க." சொன்ன மாதிரியே நாற்பது நிமிடத்தில் கண் செருகியது, அதே குறட்டை. மறுபடி ஊசி, பிறகு சொட்டுச்சொட்டாக ஏற்றினார்கள், மறுநாள் வரைக்கும்.

*

சேலத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினோம். நாக்கடி மாத்திரை. நோய்த்தொற்றுக் காலம் என்பதால் இரண்டு வாரத்துக்குச் சேர்த்துக் கொடுத்தார். சித்தி அதை மஞ்சள்தூள் டப்பாவுக்குள் வைத்து, தினமும் காலையில் தானே எடுத்துக் கொடுத்தாள். லைன் வண்டி விட்டாயிற்று. இப்போது காரவள்ளி பக்கம் மலையிலிருந்து இறங்கும் பலாவும் வாழையும் ஏற்றிச் சேந்தமங்கலம் சந்தைக்கு ஒரு சின்ன வண்டி ஓட்டுகிறார். போதைத் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொள்ளும் பழக்கக்காரரை வழக்கிலிருந்து விலக்குகிறது. சித்திக்கு அது தெரியாது. நான் சொன்னபோது, "இதை எழுதி அங்க ஆஸ்பத்திரி வாசல்ல ஒட்டியிருந்தா அந்நேரம் சொல்லியிருப்பனே" என்றாள்.

2019-இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 2 கோடியே 26 லட்சம் பேர் அபின் வகைப் பொருட்களைப் பயன்படுத்துகிறார்கள் என்றும், அவர்களில் 77 லட்சம் பேருக்கு உதவி தேவை என்றும் சொன்னது. நம் ஊர்ப் பையன்கள் இப்போது வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள், பத்திரிகையில் வாரம் ஒரு செய்தி வருகிறது. 2018-இல் டிராமடாலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் டேப்பென்டடாலுக்குப் போய்விட்டார்கள். பிடித்த மாத்திரைகளின் எண்ணிக்கையும் பிடித்த போலீசாரின் படமும் செய்தியில் இருக்கும்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது நலாக்ஸோன் குப்பி இரண்டு வாங்கி வீட்டில் வைத்துவிடலாம் என்று நாமக்கல்லில் மூன்று மருந்துக்கடையில் கேட்டேன். ஒருவர் பெயரைத் தாளில் எழுதி வாங்கிக் கணினியில் தேடினார். "ஆஸ்பத்திரி சப்ளைதான் வரும்போல இருக்குதுங்க. யாருக்குங்க?" என்றார். சித்தப்பாவுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை, "சும்மா" என்றுவிட்டு வந்தேன்.

அன்று இரவு அவர்கள் வீட்டுத் திண்ணையில்தான் படுத்தேன். பன்னிரண்டு மணி வாக்கில் உள்ளே குறட்டை தொடங்கியது. சாதாரணக் குறட்டைதான், எனக்கு இப்போது வித்தியாசம் தெரியும். ஆனாலும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து வளையல் சத்தம், பிறகு சித்தப்பாவின் தூக்கக் கலக்கக் குரல்.

"உசுரோடதான் இருக்கறன். தூங்க உடுடி."

"சரி, திரும்பிப் படுங்க."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குறட்டை. மறுபடி வளையல்.